மிச்சம் இருக்கும் பார்வையோடு அன்றாட வேலை: நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இனி மருந்திலோ ஆபரேஷனிலோ செய்ய ஒன்றுமில்லை" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். மதுரை, சென்னை என்று அடுத்த டாக்டரைத் தேடிக் கிளம்புவார்கள். இல்லையென்றால் ஆச்சியைப் பட்டாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க" என்று அடுக்களைக்கே வரவிடாமல் செய்துவிடுவார்கள். இரண்டாவது பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஆளை முடக்குவதும் அதுதான்.

சிகிச்சை முடிகிற இடத்தில் தொடங்குவது குறைபார்வை மறுவாழ்வு. போன பார்வையைத் திருப்பித் தருகிற வேலை அதற்குக் கிடையாது. மிச்சம் இருக்கிற பார்வையை வைத்து சமைக்க, மாத்திரை எடுக்க, ரூபாய் எண்ண, பஸ் ஏறப் பழக்குவதுதான் அதன் வேலை. பலர் பூதக்கண்ணாடியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆன்லைனில் ஒன்று வாங்கி, இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது சரிப்படலை" என்று பீரோவுக்குள் போட்டுவிடுகிறார்கள். முதலில் வெளிச்சம், அடுத்து நிற வேறுபாடு, அப்புறம் பொருள் வைக்கும் இடம், லென்ஸ் அதற்கும் பிறகுதான். இந்த வரிசையில் போனால் பாதி வேலைக்கு லென்ஸே தேவைப்படாது.

யாருக்கு இது?

நல்லாத் தெரிகிற கண்ணில், சரியான கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 6/18-ஐவிடக் குறைவாக இருந்தால் அது குறைபார்வை. மற்றவர்கள் 18 மீட்டரில் இருந்து படிக்கிற எழுத்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பது 6/18-க்குப் பொருள். எழுத்து நன்றாகத் தெரிந்தும் சுற்றுப் பார்வை குழாய்க்குள் பார்ப்பதுபோலச் சுருங்கிப் போனவர்களும் இதில் சேர்த்திதான். சுகரால் விழித்திரை கெட்டவர்கள், கண் அழுத்த நோய்க்காரர்கள், வயதில் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்ந்தவர்கள், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள் இங்கே அதிகம் வருவார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்தக் கடைசி நோய் கூடுதலாகத் தலைகாட்டும். ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

குறைபார்வை கிளினிக்குக்குப் போவதற்கு முன்னால்

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொட்டு மருந்தைத் தொடர வேண்டுமா? கூடவே கண்புரை இருந்தால் அதை எடுத்தால் கொஞ்சமாவது தெளியுமா? இப்போது போட்டிருக்கும் கண்ணாடியின் பவர் சரிதானா? கண் அழுத்தத்துக்கு ஊற்றும் மருந்தை, "பார்வைதான் வரலையே" என்று நிறுத்துபவர்கள் உண்டு. மிச்சம் இருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதே அந்தச் சொட்டுதான்.

அப்புறம் ஒரு பட்டியல் போடுங்கள். "கண் தெரியலை" என்று போய்ச் சொன்னால் கிளினிக்கில் இருப்பவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. "மாத்திரை அட்டையில் பெயர் படிக்க முடியலை, அரிசியில் கல் பொறுக்க முடியலை, எதிரே வருவது யார் என்று தெரியாததால் கோவிலுக்குப் போவதை விட்டுவிட்டேன்" என்றால் செய்யலாம். பட்டியலைப் பார்வை குறைந்தவரேதான் சொல்ல வேண்டும். மகனும் மருமகளும் சொல்லும் பட்டியல் எப்போதும் வேறு மாதிரி இருக்கும். மகனுக்கு அம்மா கீழே விழாமல் இருந்தால் போதும். அம்மாவுக்கோ பேத்திக்குத் தலை பின்னிவிட வேண்டும்.

அதில் முதல் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தந்தப் பொருளையே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டை, பாஸ்புக், ஜெபப் புத்தகமோ தேவாரப் புத்தகமோ, ஊசி நூல், கைபேசி. மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள் இலையையும் அளவுத் தகட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியின் படிப்பு அட்டையில் படித்துக் காட்டுவதைவிட, தன் கையில் தினமும் புழங்கும் பொருளைப் பார்த்துக் காட்டுவதுதான் நிஜமான பரிசோதனை.

கிளினிக்கில் என்ன நடக்கும்

திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் வந்தது. நம் பக்கத்தில் பலருடைய பழைய கண் ரிப்போர்ட் அங்கேதான் இருக்கும். ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே காட்டினாலும், "குறைபார்வைப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூட்டத்தில் டாக்டர் மறந்துவிடலாம்.

சாதாரணக் கண் பரிசோதனையைவிட இதற்கு நேரம் பிடிக்கும். எழுத்துப் பலகையைக் கிட்டே கொண்டுவந்து அளப்பார்கள். மங்கலான எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று தனியாகப் பார்ப்பார்கள். சுற்றுப் பார்வை எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று குறிப்பார்கள். பிறகு லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அன்றே வாங்கிவிட அவசரப்படாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள்.

நடுப் பார்வையா, ஓரப் பார்வையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

நடுவில் பார்வை போனவருக்கு நேராகப் பார்க்கும் முகம் அழிந்து தெரியும். ஓரத்தில் கிடக்கும் குண்டூசி தெரியும். "என் முகம் தெரியலைங்கிறாங்க, கீழே கிடக்கிற ஊசியை மட்டும் எடுக்கிறாங்க, நடிக்கிறாங்களோ" என்று வீட்டில் சந்தேகப்படுவது இதனால்தான். நடிப்பு இல்லை. இவர்களுக்குச் சாய்த்துப் பார்க்கும் பயிற்சி உண்டு. எதிரே ஒருவரை உட்கார வைத்து, அவர் முகத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்வையை 12-இல் வைத்தால் முகம் எப்படித் தெரிகிறது? 3-இல்? 6-இல்? ஏதோ ஒரு இடத்தில் மூக்கும் வாயும் சட்டென்று துலங்கும். அந்த இடம்தான் இனி அவருடைய புதிய பார்வைப் புள்ளி. தினமும் ஐந்து பத்து நிமிடமாகச் சில தடவை, முகம், டிவி, காலண்டர் தேதி என்று பழகினால் சில வாரங்களில் கண் தானாக அங்கே போய் நிற்கும். பேசும்போது அவர் நம் நெற்றிக்கு மேலே பார்ப்பதுபோல் இருக்கும். அதைத் திருத்தாதீர்கள்.

ஓரம் போனவருக்குப் பேப்பரே படிக்க முடியும். ஆனால் கால்மாட்டில் கிடக்கும் குடத்தில் இடறுவார், பக்கவாட்டில் வரும் பைக் தெரியாது. இவருக்குப் பெரிதாக்கும் லென்ஸ் கொடுத்தால் இருக்கும் சின்ன ஜன்னலும் அடைபட்டுப்போகும். இவருக்கு வேண்டியது தலையைத் திருப்பித் துழாவிப் பார்க்கும் பழக்கம். இடமிருந்து வலம், கிட்டேயிருந்து தூரம் என்று ஒரு ஒழுங்கில் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு கையில் கம்பு வேண்டும்.

வெளிச்சம்

நெல்லை டவுனிலும் கிராமத்துத் தெருக்களிலும் பழைய வீடுகள் ஒட்டி ஒட்டி நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர். வாசலிலும் புறவாசலிலும் கண் கூசும் வெயில், நடுவில் பட்டாசலில் மதியம் பன்னிரண்டு மணிக்கும் இருட்டு. அறுபது வயதுக்கு மேல் கண்பாவை சுருங்கி, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறிவிடுவதால், இளவட்டக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். குறைபார்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கூரையில் பெரிய பல்பு மாட்டுவதால் அவ்வளவு பலன் இருக்காது. வளைத்துத் திருப்பக்கூடிய டேபிள் லைட் ஒன்று வாங்கி வேலைக்குக் கிட்டே வையுங்கள். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலு மடங்காகும். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து, நல்லாத் தெரியும் கண்ணின் பக்கமாக வர வேண்டும். பல்பு கண்ணுக்கு நேரே தெரியவே கூடாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். டிவி ஜன்னலுக்கு எதிரே இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

வெளியே இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சித்திரை வெயிலில் தார் ரோடும் தாமிரபரணித் தண்ணீரும் கண்ணைப் பறிக்கும். விளிம்பு வைத்த தொப்பியோ குடையோ முதல் உதவி. மஞ்சள் அல்லது ஆம்பர் நிறக் கண்ணாடி பலருக்குக் கூச்சத்தைக் குறைத்து விளிம்புகளைத் தெளிவாக்கும். எந்த நிறம் என்பதை வெயிலில் நின்று போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கன்னங்கரேல் என்று இருக்கும் கூலிங் கிளாஸ் வேண்டாம். இன்னொன்று, நெல்லையப்பர் கோவிலுக்குள் நுழைந்தவுடனே நடக்காதீர்கள். வெயிலிலிருந்து இருட்டுப் பிரகாரத்துக்குக் கண் பழக சில நிமிடம் ஆகும். கோபுர வாசலில் ஓரமாக நின்று, கலர்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரை தெரியத் தொடங்கிய பிறகு போங்கள்.

நிற வேறுபாடு

செலவே இல்லாமல் பெரிய பலன் தருவது இதுதான். எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு, அதன்மேல் சொதி. குறைபார்வைக்காரருக்கு இதைவிட மோசமான சாப்பாடு கிடையாது. தட்டு மின்னுகிறது, சோறு வெள்ளை, சொதியும் வெளிர் மஞ்சள். எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதே சோற்றை வாழையிலையில் போட்டால் பளிச்சென்று தெரியும். ஆனால் இலையில் வைத்த கீரையும் அவரைக்காயும் தொலைந்துபோகும். வீட்டில் கரும் நிறத்தில் ஒரு தட்டு, வெள்ளையில் ஒரு தட்டு இருந்தால் போதும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் மிளகாய்ச் சட்னி வையுங்கள். காபியை வெள்ளைக் கப்பிலும் பாலைக் கரிய கப்பிலும் கொடுங்கள். கண்ணாடி டம்ளரை எடுத்துவிடுங்கள். மீன் சாப்பிடும் வீட்டில் சாளைக்குப் பதில் முள் குறைந்த சீலாத் துண்டு வாங்கினால், "எனக்கு மீனே வேண்டாம்" என்று சொன்ன தாத்தா திரும்பச் சாப்பிடுவார்.

படிகளின் விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். படி முழுவதும் அடித்தால் பயனில்லை. வாசல்படி, நிலைப்படி, அங்கணத்து இறக்கம், மாடிப்படியின் முதலும் கடைசியும் முக்கியம். குளியலறையில் வெள்ளை டைல்ஸில் வெள்ளை மக்கு கண்ணுக்கே தெரியாது. சிவப்பு மக்கு வாங்குங்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டுங்கள். பீடி சுற்றும் அம்மாமார், பழுப்பு இலையும் பழுப்புச் சுளகும் கலந்து தெரிந்தால், சுளகில் வெள்ளைத் துணி விரித்துப் பார்க்கலாம். சுற்றுவது எப்படியும் விரல்தான். இலையை வெட்டும் நேரத்துக்குத்தான் கண் வேண்டும்.

அடுக்களை, மாத்திரை, பணம்

பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எல்லோருக்கும் சொல்வதுதான். இந்த வீட்டில் அது சட்டம். உப்பு டப்பாவை மருமகள் இடம் மாற்றிவிட்டால் மாமியாருக்கு அன்றைக்குச் சமையல் இல்லை. டப்பாவில் ரப்பர் பேண்ட் போடுங்கள்: சீனிக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு. அடுப்பின் குமிழில் "அணை" இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு கெட்டிப் பசையை ஊற்றிக் காயவிட்டால் விரலில் தட்டும். தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் சத்தமும் வாசனையும் ஏற்கனவே அவர்களுக்குத் தெரிந்த பாஷை. தளர்ந்த சேலைத் தலைப்பை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் பாத்திரத்தை மேலே வைத்துவிட வேண்டும். சூடான எண்ணெய் உள்ள சட்டியின் கைப்பிடி எப்போதும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

மாத்திரையில் விளையாட்டே கூடாது. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு. அட்டையை ஓரத்திலிருந்து வெட்டாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். இன்சுலின் பேனாக்களில் பெரும்பாலும் ஒரு கிளிக் ஒரு யூனிட். ஆனால் கிளிக்கை மட்டும் நம்பக் கூடாது. எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கட்டும்.

ரூபாய் நோட்டில் புதிய 500 சாம்பல், 200 பளீர் மஞ்சள், 100 ஊதா, 50 நீலம். நீளம் 500-க்கு 150 மி.மீ., 200-க்கு 146, 100-க்கு 142. அகலம் எல்லாவற்றுக்கும் 66. நாலு மி.மீ. வித்தியாசத்தை விரலில் பிடிப்பது பழகினால் வரும். பழைய 100 நோட்டு இவற்றைவிடப் பெரிது, அது கைக்கு வரும்போது குழப்பும். 500-இன் இரு ஓரத்திலும் மேடிட்ட ஐந்து கோடுகள் இருக்கும். 100-இல் நாலு கோடும் ஒரு முக்கோணமும். கசங்கிய நோட்டில் இவை தேய்ந்துவிடுவதால் மடிப்பு முறைதான் நம்பிக்கை: 500 மடிக்காமல், 200 ஒரு மடிப்பு, 100 இரண்டு மடிப்பு. ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி என்ற செயலி, கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் தேவையில்லை.

கைபேசியில் மற்றதும் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வைக்கலாம், டாக்பேக் போட்டால் திரையில் இருப்பதை வாசிக்கும். டைப் அடிப்பதற்குப் பதில் வாய்ஸ் மெசேஜ். பி மை ஐஸ் செயலியில் முகம் தெரியாத ஒரு தன்னார்வலர் வீடியோ காலில் வந்து, "இது பச்சை, அது நீலம்" என்று சொல்லித்தருவார். ஏடிஎம் கார்டையும் ஓடிபியையும் மட்டும் அவர்களிடம் காட்டக்கூடாது.

இப்போதுதான் லென்ஸ்

100-ஐ லென்ஸின் பவரால் வகுத்தால் எத்தனை செ.மீ. தூரத்தில் பொருளை வைக்க வேண்டும் என்று வரும். பவர் 10 என்றால் 10 செ.மீ., 20 என்றால் 5 செ.மீ. ஐந்து செ.மீ. என்பது மூக்குக்கு முன்னாலேயே. "இவ்வளவு கிட்டவா?" என்று கூச்சப்பட்டுப் பேப்பரைத் தள்ளிப் பிடிப்பதால்தான் பல லென்ஸ்கள் பீரோவுக்குப் போகின்றன. கிட்டே வைத்துப் படித்தால் கண் கெடாது. பவர் கூடக் கூட ஒரு நேரத்தில் தெரியும் எழுத்து குறையும், அதனால் வேலைக்குப் போதுமான குறைந்த பவரே நல்லது. கை நடுங்குபவருக்குப் பேப்பர்மேல் உட்காரும் ஸ்டாண்ட் லென்ஸ். நீண்ட நேரம் படிப்பவருக்கு, இரு கையும் காலியாக இருக்க, கண்ணாடியில் பொருத்தியது. முதல் வாரம் பெரிய எழுத்தில் பத்து நிமிடம் போதும், தலை வலித்தால் நிறுத்துங்கள்.

வெளியே போக

பஸ் போர்டு தெரியவில்லையா? கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புது பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும். வெளிநாட்டுக்காரர் மாதிரித் தயங்காமல், "அண்ணாச்சி, இது அம்பாசமுத்திரம் வண்டியா?" என்று கேட்டால் நம் ஊரில் நாலு பேர் பதில் சொல்வார்கள்.

கூட்டிப் போகிறவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. பார்வை குறைந்தவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரை அடி பின்னால் வர வேண்டும். நம் உடம்பு ஏறும்போதும் இறங்கும்போதும் படி வருவது அவருக்குத் தெரிந்துவிடும். மருமகன் கையைப் பிடிக்கக் கூச்சப்படும் அத்தைமார், பேத்தி தோளில் கை வைக்கலாம். வெள்ளைக் கோலை எடுக்க யாருக்கும் மனம் வராது, தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று. ஆனால் டவுன் ரத வீதியில் பைக்காரர் வேகத்தைக் குறைப்பது அந்தக் கோலைப் பார்த்துத்தான். ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்கு மடக்குக் கோலையாவது எடுத்துப் போங்கள்.

இல்லாத ஆட்கள் தெரிந்தால்

பார்வை வெகுவாகக் குறைந்த சிலருக்கு, அந்தி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, குட்டி மனிதர்கள், முகங்கள், பூக்கோலம் மாதிரி வடிவங்கள் தெரியும். வெளியே சொல்லப் பயப்படுவார்கள். சொன்னால் கோடாங்கி பார்க்கக் கூட்டிப் போய்விடுவோம். இதற்குச் சார்லஸ் பானே நோய்க்குறி என்று பெயர். 1760-இல் சுவிட்சர்லாந்துக்காரரான பானே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாகவே படம் போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த உருவங்கள் பேசாது. அவை நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே தெரியும். லைட்டைப் போடுங்கள், கண்ணை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டுங்கள், எழுந்து நடங்கள், மறைந்துவிடும். குரலும் கேட்டால், அல்லது நிஜம் என்றே நம்பிப் பயந்தால், அது வேறு விஷயம், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உருவம் எதுவும் தெரியாமலே சாப்பாட்டில் பிடிப்பில்லை, தூக்கமில்லை, யாரோடும் பேச்சில்லை என்று இருப்பவர்கள் இன்னும் அதிகம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பூ கட்டுவதோ, கறிவேப்பிலை உருவுவதோ, கடைக் கணக்கை வாயால் போடுவதோ எதுவானாலும் சரி. மெதுவாகச் செய்வார், ஒன்றிரண்டு சிந்தும். நடுவில் பிடுங்காதீர்கள்.

சான்றிதழ்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வை தனி வகை. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/18-க்குக் கீழே 3/60 வரை, அல்லது சுற்றுப் பார்வை 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை இருந்தால் இதில் வரும். அதற்கும் கீழே போனால் பார்வையின்மை. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு கண் நன்றாக இருந்து மறு கண் மட்டும் போனவர்களுக்கு அந்த அளவு வராது, அலைவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். ஆதார், புகைப்படம், பழைய கண் ரிப்போர்ட்டுகளோடு யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். உதவித்தொகை, கோல், கருவி எல்லாவற்றுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். மனு நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் இன்னொன்று கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் டாக்டர் சொன்ன தவணையில் கண்ணைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்வை மாறினால் லென்ஸும் மாற வேண்டியிருக்கும். திடீரென்று ஒளிக்கீற்று மின்னினால், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தால், திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைந்தால், கண் சிவந்து கடுமையாக வலித்தால் தவணைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.